ஒரு கசப்பின் வரலாறு

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்து குருநாகல் நோக்கிச் செல்லும் பெருவீதியில், மலைநாடு தன் கடைசிப் படிகளில் இறங்கிக் கீழ்நாட்டைத் தொடும் இடத்திலே கலகெதர இருக்கின்றது. மிளகுக் கொடியும் கராம்பு மரமும் வீடுகளை மறைத்து நிற்கும் இச்சிற்றூரில் நாம் ஆசிரியத் தொழில் செய்து வருகின்றோம். தமிழ் கற்பிக்கவே நியமனம் பெற்றோமாயினும், ஆளில்லாக் குறையினால் வரலாற்றுப் பாடமும் எம் தலைமீது விழுந்திருக்கின்றது. பேராதனையில் எம்மோடு ஒரே விடுதியிற் கிடந்து படித்து, இப்பொழுது இலண்டனிற் குடியிருக்கும் நண்பர் ஒருவர் ஒரு சனிக்கிழமை மாலை எம் அறைக்கு வந்தார். வந்தவர் மாணவர் பயிற்சிக் கொப்பிகளை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு மேசைமீது ஒரு போத்தலை வைத்தார். ஜின் என்னும் மது அது. ‘கொழும்பு’ என்ற பெயர் அதன்மீது பொறிக்கப்பட்டிருந்தது. இலண்டனிற் பேர்பெற்ற இந்நாட்டுப் பண்டத்தை இந்நாட்டிலேயே இருக்கும் நாம் அறியாதிருப்பது குறை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

நண்பர் இவ்விடயத்தில் கைதேர்ந்தவர். எந்த ஜின்னையும் மூன்று அளவுகோல்களால் அளக்க வேண்டும் என்றார்: சுவை, சேர்மானம், பெறுமதி. தனியே அருந்தும்போது நாவில் என்ன நிற்கின்றது? பிற பானங்களோடு கலக்கும்போது தன்னை இழக்காமலும் மற்றதை விழுங்காமலும் இருக்கின்றதா? கொடுத்த காசுக்கு அது தகுமா? ‘மச்சான், இந்த மூண்டுக்கும் விடை சொல்லு, உன்ன விட்டிடுறன்’ என்றார். நாம் மதுவிலக்குச் சங்கத்து உறுப்பினரும் அல்லோம், மதுவின் அடியாரும் அல்லோம். ஒரு சிறு குவளை எடுத்துக்கொண்டோம். நண்பரின் மூன்று வினாக்களும் போத்தலுக்குள் அடங்கவில்லை. அவை எம்மை இந்த வீதியின் கடந்த காலத்துக்கே இழுத்துச் சென்றன. அதனையே இங்கு எழுத முற்படுகின்றோம்.

ஜின் என்பது யாதென அறியாத வாசகருக்காக ஒரு சில சொற்கள். தானியத்திலிருந்தோ கரும்புப் பாகிலிருந்தோ வடித்தெடுத்த, தனக்கென ஒரு மணமற்ற சாராயத்தை, ஜூனிப்பர் என்னும் ஐரோப்பியப் புதர்ச்செடியின் கருநீலக் காயோடும் வேறு சில வேர், பட்டை, விதைகளோடும் சேர்த்து மறுமுறை வடித்தால் கிடைப்பதே ஜின். ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் இதனைக் கற்றனர். 1690இல் ஆங்கிலப் பாராளுமன்றம், நிலவுடைமையாளரின் தானியத்துக்குச் சந்தை தேடும் நோக்கத்தோடு, வடிப்புத் தொழிலுக்கிருந்த தடைகளை நீக்கிற்று. அடுத்த அறுபது ஆண்டுகள் இலண்டன் ஏழை மக்கள் ஜின்னில் மூழ்கிக் கிடந்தனர். ஓவியர் ஹோகார்த் 1751இல் வரைந்த ‘ஜின் சந்து’ என்னும் படத்திலே போதையேறிய தாயொருத்தியின் கையிலிருந்து குழந்தை நழுவி விழும் காட்சியைக் காணலாம். அதே ஆண்டிலே சட்டமும் இறுகிற்று. பசியையும் குளிரையும் மறக்க ஏழை குடித்தபோது அது சமூகத்தின் நோயாயிற்று. பின்னாளில் துரைமார் தம் விறாந்தைகளில் அமர்ந்து குடித்தபோது அதே பானம் நாகரிகத்தின் அடையாளமாயிற்று.

‘உலர்ந்த ஜின்’ என்னும் பெயர் பலரை மயக்குவதுண்டு. திரவம் எவ்வாறு உலர்ந்திருக்கும்? இனிப்புச் சேராதது என்பதே அதன் பொருள். பழைய வாலைகளில் வடித்த சாராயம் கரடுமுரடானது. அதன் கசட்டை மறைக்கச் சீனி சேர்த்தனர். 1830ஆம் ஆண்டளவில் ஈனியஸ் கொஃபி என்பவர் உரிமம் பெற்ற தூண்வாலை வந்த பின்னர் தூய சாராயம் மலிவாகக் கிடைத்தது. மறைக்க வேண்டிய குற்றம் நீங்கவே சீனியும் நீங்கிற்று. ஆகவே உலர்ந்த ஜின்னிற் சுவை என்பது வேருக்கும் பட்டைக்கும் உரியது. ஒளிய அதற்கு இடமில்லை.

இனிச் சுவைக்கு வருவோம். நண்பர் கற்பித்த முறைப்படி முதலில் நீர் சேராமல் முகர்ந்தோம். பின்னர் சம அளவு குளிர்ந்த நீர் கலந்து மீண்டும் முகர்ந்தோம். நீர் சேர்ந்ததும் சாராயத்தின் எரிவு தணிந்து மணங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. முதலில் வந்தது ஜூனிப்பர்: கோயிலிற் குங்கிலியம் புகைவது போன்றதொரு பிசின் மணம். அதன் பின்னே வந்தவை எமக்குப் புதியனவல்ல. இந்த ஜின்னில் ஏழு சரக்குகள் சேர்கின்றன எனத் தயாரிப்பாளரே கூறுகின்றனர். ஜூனிப்பரும் அஞ்சலிக்கா என்னும் வேரும் ஐரோப்பாவுக்குரியவை. எஞ்சிய ஐந்தும் கொத்தமல்லி, இஞ்சி, கறுவா, அதிமதுரம், கறிவேப்பிலை. கலகெதரக் கடைவீதியில் நாட்டுமருந்துக் கடைக்கும் மரக்கறிக் கடைக்கும் போனால் ஐந்தையும் கால் மணி நேரத்தில் வாங்கிவிடலாம். எமக்குச் சிறுவயதிற் காய்ச்சல் வந்தபோதெல்லாம் அம்மா கொத்தமல்லியை வறுத்து இஞ்சியைத் தட்டிப் போட்டு அவித்துத் தந்த குடிநீர் நினைவுக்கு வந்தது. மலைநாட்டில் அக்குடிநீரைக் குடித்து வளராத பிள்ளை இல்லை. சுவை பற்றிய எம் தீர்ப்பைக் கேட்டால், கொத்தமல்லியும் கறுவாவும் முன்னே நிற்கின்றன, இஞ்சி தொண்டையிலே சிறிது சுடுகின்றது, கறிவேப்பிலை நாணங்கொண்டவள்போற் கதவுக்குப் பின்னே நிற்கின்றது என்போம். நன்றாயிருக்கின்றது. அதனை மறுப்பது பொய்.

இச்சரக்குகள் ஜின்னுக்குள் புகுந்த கதை கவனத்துக்குரியது. 1924இல் தொடங்கிய றொக்லண்ட் வடிசாலையின் கூற்றுப்படி, இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே கப்பற் போக்குவரத்துத் தடைப்பட்டு ஐரோப்பியச் சரக்குகள் அருகியபோது, ஆட்சியாளருக்கு வேண்டிய ஜின்னை உள்நாட்டிலேயே வடிக்க வேண்டியதாயிற்று. அப்பொழுதுதான் கறுவாவும் இஞ்சியும் கறிவேப்பிலையும் அதனுள் சேர்ந்தன. அத்தாகம் எத்தகையது என்பதைக் கண்டிப் பகுதியார் எளிதில் ஊகிக்கலாம். 1944ஆம் ஆண்டு ஏப்பிரலில் மவுண்ட்பேற்றன் பிரபு தென்கிழக்காசியப் படைகளின் தலைமையகத்தைப் பேராதனைப் பூந்தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். நாம் மாணவராயிருந்தபோது கவலையின்றிச் சுற்றித் திரிந்த அந்த மரநிழல்களிலே, ஒரு காலத்தில் பெரும் போரொன்றின் கட்டளைகள் எழுதப்பட்டன. கண்டியின் விடுதிகளும் மன்றங்களும் அதிகாரிகளால் நிறைந்து வழிந்தன.

ஆனால் வெள்ளையரின் ஆசை இந்நாட்டுச் சரக்குகளின்மீது விழுந்தது அதுவே முதற்றடவையன்று. கறுவாவுக்காகவே போர்த்துக்கேயர் வந்தனர். கறுவாவுக்காகவே ஒல்லாந்தர் அவர்களை விரட்டினர். அனுமதியின்றிக் கறுவா மரத்தை வெட்டியவனுக்கு ஒல்லாந்தர் ஆட்சியில் மரணதண்டனை விதிக்கப்படலாம். பட்டையை உரிக்கும் கடமை சலாகம சாதியாரின் தலையிலே பிறப்புரிமையாக, அதாவது பிறப்புச் சிறையாக, ஏற்றப்பட்டிருந்தது. ஒல்லாந்தருக்குப் பின் வந்த ஆங்கிலேயர் 1803ஆம் ஆண்டு பெப்ரவரியிற் கண்டியின்மீது படையெடுத்தபோது, அவர்கள் கடக்க வேண்டியிருந்த மலைவாயில் அரண்கள் கிரிஹாகமவும் இந்தக் கலகெதரவுமேயாம். அரண்களைக் கடந்து, மக்கள் வெளியேறிவிட்ட கண்டி நகருள்ளே அவர்கள் புகுந்தனர். நான்கு மாதங்களில் அப்படை காய்ச்சலாலும் கண்டியர் முற்றுகையாலும் அழிந்தது; ஜூன் 24ஆம் திகதி மேஜர் டேவி சரணடைந்தார். கண்டியரின் வாளினும் காய்ச்சலே அப்படையை முதலில் உருக்குலைத்தது. காடும் காய்ச்சலும் அன்று மலைநாட்டின் அரண்களாய் இருந்தன. நூற்று முப்பது ஆண்டுகள் கழித்து அதே காய்ச்சல் யாரைக் கொன்றது என்பதைக் கீழே காண்போம்.

நண்பரின் இரண்டாம் அளவுகோல் சேர்மானம். இஞ்சிச் சோடாவோடும் இளநீரோடும் தேசிக்காய்ச் சாற்றோடும் சேர்த்துப் பார்த்தோம். இளநீரிலே ஜின் காணாமற் போயிற்று. இஞ்சிச் சோடா தானே ஆட்சி செய்தது. ‘டொனிக்’ என்னும் கசப்புநீரில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு கலந்து, தேசிக்காய்த் துண்டொன்றைப் பிழிந்தபோதுதான் இரண்டும் ஒன்றையொன்று மதித்து நின்றன. ஜின்னிலே இனிப்பில்லை, டொனிக்கில் இனிப்பும் கசப்பும் உண்டு. ஒன்றின் குறையை மற்றது நிரப்புகின்றது. ‘நம்முடைய நாட்டுக்காகவே செய்த கலவை. மலேரியா வராமலிருக்கத் துரைமார் மருந்தாகக் குடித்தார்கள்’ என்றார் நண்பர்.

இது உலகெங்கும் வழங்கும் கதை. ஆயின் கதையின் பெரும்பகுதி பிழை. டொனிக்கின் கசப்பு கொயினாவின் கசப்பு என்பது உண்மை. கொயினாவைச் சிப்பாய்களுக்கு நீரிலும் மதுவிலும் கரைத்துக் கொடுத்த வழக்கமும் உண்மையே. எனினும் 1858இல் எராஸ்மஸ் பொண்ட் என்பவர் இலண்டனில் டொனிக் நீருக்கு உரிமம் பெற்றபோது அது சோடாக்கடைப் பண்டமாகவே பிறந்தது. ஜின்னும் டொனிக்கும் சேர்ந்த கலவை பற்றி இதுவரை கண்டறியப்பட்ட மிகப் பழைய அச்சுக் குறிப்பு, 1868ஆம் ஆண்டு இந்தியாவில் வெளிவந்த விளையாட்டு ஏடொன்றிலே உள்ளது. குதிரைப் பந்தயம் முடிந்து கலைந்த கனவான்கள் அதனைக் கேட்டு வாங்கிக் குடித்தனராம். மருத்துவமனையில் அன்று, பந்தயத் திடலிலேதான் இக்கலவை வரலாற்றில் முதன்முதல் தலைகாட்டுகின்றது. இக்காலத்து டொனிக்கில் ஒரு லீற்றருக்கு 83 மில்லிகிராமுக்கு மேற் கொயினா இருக்கக்கூடாதென்பது அமெரிக்கச் சட்டம். மலேரியாவைக் கொயினாவால் மாற்றுவதானால் ஒரு நாளைக்கு இருபது லீற்றருக்கு மேல் இதனைக் குடிக்க வேண்டும்! மருந்து என்பது குடிப்பவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்ட சமாதானம்.

பின், மருந்தாகிய கொயினா எங்கே போயிற்று? எம்மை உறுத்திய வினா இதுவே.

கொயினா சின்கோனா மரத்தின் பட்டையிலிருந்து கிடைப்பது. அம்மரம் தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைக்குரியது. 1860இல் கிளெமென்ற்ஸ் மார்க்கம் என்பவரின் தலைமையில் ஆங்கிலேயர் அதன் விதைகளையும் கன்றுகளையும் அங்கிருந்து கடத்திவந்தனர். இந்தியாவிலே நீலகிரியிலும், இலங்கையிலே 1861இல் திறக்கப்பட்ட ஹக்கலைத் தோட்டத்திலும் அவை வளர்க்கப்பட்டன. பேராதனைப் பூந்தோட்டத்தின் அதிபர் துவெயிற்ஸ், கன்றுகளைத் தோட்டத் துரைமாருக்கு அளிக்க முன்வந்தார். கோப்பியில் இலாபம் கொழித்த காலம் அது. கசப்புமரத்தை ஏறெடுத்துப் பார்த்தவர் சிலரே. 1869இற் கோப்பியிலையிலே செம்மஞ்சள் நோய் தோன்றியது. கோப்பித் தோட்டங்கள் ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கவே துரைமாரின் கண் சின்கோனாமீது திரும்பிற்று. 1883ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 64,000 ஏக்கரில் அம்மரம் நின்றது. 1886இல் ஒன்றரைக் கோடி இறாத்தல் பட்டை இத்தீவிலிருந்து கப்பலேறிற்று. உலகச் சந்தையிற் பட்டை குவிந்தது, விலை சரிந்தது, மரங்கள் வேரோடு பிடுங்கப்பட்டன, அந்நிலத்திலே தேயிலை ஏறிற்று. பத்தே ஆண்டுகளில் முடிந்த நாடகம் இது.

இதில் இரண்டு செய்திகள் மனங்கொள்ளத்தக்கவை. அம்மரங்களுக்குக் குழிவெட்டியவரும், பட்டையைச் சீவியவரும், பின்னர் அவற்றைப் பிடுங்கியெறிந்தவரும் தென்னிந்தியச் சிற்றூர்களிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காய்ச்சல் நிறைந்த காட்டுவழியே மலைநாட்டுக்கு நடந்துவந்த தோட்டத் தொழிலாளரே. வழிநெடுகக் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் மாண்டவர்களின் உறவினர், காய்ச்சலுக்கு மருந்தாகும் மரத்தை நட்டனர். மருந்து இலண்டனுக்குப் போயிற்று. மற்றையது, பட்டையில் மிகுந்த கொயினாவுள்ள இனத்தின் விதையை அந்தீஸ் மலையிலே தேடிச் சேகரித்தவர் மனுவேல் இன்க்ரா மமானி என்னும் அய்மாரா இனத்தவர். அவர் சேகரித்த விதையை 1865இல் சார்ள்ஸ் லெட்ஜர் என்னும் வணிகர் இலண்டனுக்கு அனுப்பினார். ஆங்கில அரசு அதனை வேண்டாமென்றது. ஒல்லாந்த அரசு ஒரு பகுதியை வாங்கி ஜாவாவிலே விதைத்தது. பிற்காலத்தில் உலகக் கொயினாவின் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஜாவாவிலிருந்தே வந்தது அதனாலேயே. விதை சேகரித்த குற்றத்துக்காக மமானி சிறையில் அடிபட்டு, அதனாலேயே மாண்டார். இவருடைய பெயரை எந்தப் போத்தலிலும் நாம் கண்டதில்லை.

இனி 1934ஆம் ஆண்டு. அவ்வாண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. எப்பொழுதும் நீரோடும் மகா ஓயா, தெதுறு ஓயா முதலிய ஆறுகள் வற்றி மணற்படுக்கையிற் குட்டை குட்டையாய்த் தேங்கின. அக்குட்டைகள் மலேரியா பரப்பும் நுளம்புக்குத் தொட்டிலாயின. ஒக்டோபர் மாதத்திலிருந்து கேகாலை, குருநாகல் மாவட்டங்களிலும் அவற்றை அடுத்த ஊர்களிலும் காய்ச்சல் காட்டுத்தீயாய்ப் பரவிற்று. கலகெதர மலைவாயிலிலிருந்து நோக்கினால் கண்ணுக்கெட்டிய தூரம் விரியும் அந்தத் தென்னஞ்சோலை நாடே காய்ச்சலின் நடுக்களமாய் இருந்தது. ஏழு மாதங்களில் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். நாட்டின் மொத்த மக்கட்தொகை அந்நாளில் ஐம்பத்து மூன்று இலட்சமளவே என்பதை நோக்கும்போது இத்தொகையின் கொடுமை விளங்கும். மாண்டவரிற் பெருந்தொகையினர் குழந்தைகள்.

நுளம்பு மட்டும் இவ்வளவு பேரைக் கொன்றுவிடவில்லை. வறண்ட வலயத்து மக்களுக்கு மலேரியா ஆண்டுதோறும் வந்துபோகும் நோய். அவர்கள் உடலில் அதற்கு ஓரளவு எதிர்ப்பு உண்டு. ஈரவலயத்தை அடுத்த இவ்வூர்களுக்கு அந்த எதிர்ப்பு இல்லை. அத்துடன் 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியினால் தேங்காய்க்கும் றப்பருக்கும் விலையில்லாமற் போயிருந்தது. கூலி குறைந்தது, பல இடங்களில் வேலையே இல்லை. மழை பொய்த்ததனால் வயலும் விளையவில்லை. பட்டினி கிடந்த உடலுக்குள் காய்ச்சல் புகுந்தது. அரசு கொயினாவை வழங்கத்தான் செய்தது. மருந்தகங்கள் திறக்கப்பட்டன. ஆனால் ஓரிறாத்தல் அரிசிக்கு வழியற்றவனுக்குக் கொயினா வில்லை மட்டும் என்ன செய்யும்? மருந்து குடித்து எழுந்தவர் பசியால் மீண்டும் விழுந்தனர்.

இந்நிலையிற்றான் சூரியமல் இயக்கத்தார் கேகாலை மாவட்டத்து ஊர்களுக்குட் புகுந்தனர். சூரியமல் என்பது நமது பூவரசம்பூ. ஆண்டுதோறும் நவம்பர் 11ஆம் திகதி பொப்பி மலர் விற்றுச் சேர்த்த பணம் பெரும்பாலும் பிரித்தானியப் போர்வீரருக்கே போவதை எதிர்த்து, அதே நாளிற் பூவரசம்பூ விற்கத் தொடங்கியவர்கள் இவர்கள். ஆங்கிலப் பெண்மணியான டொறீன் யங் அவ்வியக்கத்தின் தலைமையில் நின்றார். பின்னாளில் டொறீன் விக்கிரமசிங்க என அறியப்பட்டவர் அவரே. டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க நோயாளரைச் சோதித்து, பசியே பாதி நோய் என்பதைக் கண்டார். கொயினாவோடு பருப்பும் அரிசியும், மாமைற் என்னும் சத்துப்பசையை உருட்டிச் செய்த குளிகைகளும் வீடுவீடாகக் கொண்டுசெல்லப்பட்டன. என். எம். பெரேராவை ஊரார் ‘பருப்பு மாத்தயா’ என்று அழைத்தனர். இலண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்று வந்த ஒருவருக்கு அதனினும் உயர்ந்த பட்டம் கிடைத்ததாக நாம் அறியோம். 1935 டிசெம்பர் 18ஆம் திகதி லங்கா சமசமாஜக் கட்சி தோன்றிற்று. அடுத்த ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலில் என். எம். பெரேரா றுவன்வெல்லையிலும் பிலிப் குணவர்த்தன அவிசாவளையிலும் வெற்றி பெற்றனர். இந்நாட்டின் இடதுசாரி இயக்கம் நூலகத்தில் மட்டும் பிறந்ததன்று. காய்ச்சற் பாய்களுக்கு அருகேயும் அது பிறந்தது. பின்னாளில் அவ்வியக்கம் மலையகத் தொழிலாளரை எவ்வளவுக்குத் தன்னுடன் வைத்துக்கொண்டது என்பது வேறு கேள்வி. அதற்கு விடை எமக்கு அத்துணை இனிப்பாயில்லை.

1942 மார்ச்சில் யப்பானியர் ஜாவாவைக் கைப்பற்றியதும் நேசநாடுகளுக்குக் கொயினா அற்றுப்போயிற்று. மெப்பாக்கிரின் என்னும் மஞ்சள் வில்லைகளைப் படைவீரர் விழுங்க வேண்டியதாயிற்று. ஒருபுறம் கொயினா இல்லை. மறுபுறம் ஜின்னுக்கு ஐரோப்பியச் சரக்கு இல்லை. ஜின்னின் குறையை எமது அடுக்களைச் சரக்கு தீர்த்துவைத்தது. மலேரியாவோ 1946இல் டி.டி.ரி. தெளிக்கத் தொடங்கிய பின்னரே பெரிதும் தணிந்தது. 1963இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கே அந்நோய் கண்டது. வெற்றி கிடைத்ததென்று கைசோர்ந்த சில ஆண்டுகளில் அது இலட்சக்கணக்கானோரைப் பற்றிக்கொண்டு மீண்டது. பல தலைமுறை ஊழியர் ஊரூராய் அலைந்து உழைத்ததன் பயனாக, 2016 செப்டெம்பரில் மலேரியா ஒழிந்த நாடு என உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை அறிவித்தது.

மூன்றாம் அளவுகோல் பெறுமதி. நண்பர் இவ்விடத்திற் கணக்குப் பேசினார். இலண்டன் விலையையும் இங்குள்ள விலையையும் ஒப்பிட்டு, வரியை நீக்கிப் பார்த்தால் இது மலிவான சரக்கே என்றார். ‘வரியை நீக்கி’ என்ற சொல்லிலேதான் இந்நாட்டு வரலாற்றின் ஒரு பெரும்பகுதி அடங்கிக் கிடக்கின்றது. ஆங்கிலேயர் ஆட்சியில் சாராயம் விற்கும் உரிமை ஏலத்தில் விடப்பட்டது. ஏலமெடுத்த குத்தகைக்காரர் எவ்வளவு கூடுதலாக விற்றனரோ அவ்வளவு இலாபம் பெற்றனர். அரசும் எவ்வளவு உயர்ந்த ஏலம் கேட்கப்பட்டதோ அவ்வளவு வருமானம் கண்டது. கண்டி இராச்சியம் வீழ்ந்தபின், கித்துள் கள்ளை ஊரளவில் இறக்கிக் குடித்துவந்த மலைநாட்டிலே, தோட்டம் தோறும் சந்தி தோறும் தவறணைகள் முளைத்தன. நாட்சம்பளம் பெற்ற தொழிலாளி அதன் ஒரு பகுதியைத் தவறணையில் திருப்பிக் கொடுத்தான். மொரட்டுவை, பாணந்துறைப் பகுதிகளைச் சேர்ந்த சில குடும்பங்கள் இக்குத்தகைப் பணத்தைக் கொண்டே தோட்டமும் மாளிகையும் பட்டமும் பெற்ற வரலாற்றைக் குமாரி ஜயவர்த்தன 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விலே விரிவாகக் காட்டியுள்ளார். 1904இலும் 1912இலும் எழுந்த மதுவிலக்கு இயக்கத்தின் மேடைகளிலே சாராயக் குத்தகையாற் செல்வம் கண்ட குடும்பங்களின் வாரிசுகளும் நின்றனர். அதனால் அவ்வியக்கமே பொய் என்று ஆகிவிடாது. ஊர்ப் பெண்களின் கண்ணீர் பொய்யன்று.

இன்றும் நாம் காண்பது என்ன? தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வேண்டுமென்று ஆண்டுக்கணக்கிற் போராடி, 2021ஆம் ஆண்டிலேதான் அது வர்த்தமானியில் ஏறிற்று. மதுவரி உயரும்போது கனவான் தன் ஜின்னைக் கைவிடுவதில்லை. ஏழை உழைப்பாளி போத்தற் சாராயத்தை விட்டுக் கசிப்பை நாடுகின்றான். கசிப்பிலே கொத்தமல்லியும் இல்லை, கறுவாவும் இல்லை. அதனைச் சுவை, சேர்மானம், பெறுமதி என்று அளப்பார் எவருமில்லை. நண்பரிடம் இதனைக் கூறியபோது அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், ‘நீ கேள்வித்தாள் திருத்துற மாதிரி எல்லாத்தையும் திருத்துற’ என்றார். அதிலும் உண்மை இல்லாமலில்லை. சுவைக்கு நூற்றுக்கு எழுபது வழங்கினோம். சேர்மானத்துக்கு, டொனிக்கோடு மட்டுமென்றால், எண்பது. மூன்றாவதற்கு நாம் புள்ளி இடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நண்பர் கண்டிக்குப் பஸ் ஏறினார். ஜின் போத்தலைத் தம்மோடு எடுத்துச் சென்றார். திறக்காத டொனிக் போத்தலொன்று எம் அறையில் எஞ்சிற்று. அந்த வாரம் பத்தாந் தரத்துக்கு இடதுசாரி இயக்கத்தின் தோற்றத்தைக் கற்பிக்க வேண்டியிருந்தது. போத்தலை வகுப்புக்கு எடுத்துச் சென்று, ஆளுக்கொரு மிடறாக மூடியில் ஊற்றிக் கொடுத்தோம். முதல் வாங்கில் இருந்த சிறுவன் முகத்தைச் சுளித்து, ‘இது மருந்தா, சேர்?’ என்று கேட்டான். கரும்பலகையில் 1934 என்று எழுதினோம்.